நாடியின் நெறி கண்ட நன்மருத்துவர் ஸர் ஜேம்ஸ் மக்கென்ஸி

தோற்றுவாய்

உலகத்திற் பெரியோரெனப் போற்றப்படுவோர் பலதிறத்தினர். படை நடத்திப் பேரெடுத்தார் சிலர். நூல் இயற்றி நிலைபெற்றார் சிலர். கடல் கடந்து நாடு கண்டார் சிலர். நோயுற்றோர் படுக்கையருகே அமர்ந்து, அவர்தங் கையைப் பற்றி, ஆண்டுக்கணக்காகப் பொறுமையோடு நோக்கியிருந்து உண்மை கண்டாரோ மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ஸ்காத்லாந்து தேசத்தவராகிய ஸர் ஜேம்ஸ் மக்கென்ஸி என்பார். இருதயத் துடிப்பு நெறி தவறுவதைக் குறித்து இன்று மருத்துவ உலகம் அறிந்திருப்பனவற்றுள் அடிப்படையான செய்திகள் பல, புகை சூழ்ந்த ஓர் ஆலைநகரின் தெருக்களில் வீடுதோறும் நடந்து அவர் கண்டறிந்தவையாகும்.

நாடி பார்த்து நோயறிதல் நம் நாட்டார்க்குப் புதியதன்று. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து உடலின் நிலையை உணர்தல் நம் சித்த மருத்துவரின் தொன்றுதொட்ட வழக்கம். திருவள்ளுவரும், மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்று அறிந்த அளவில் நில்லாது அதன் காரணத்தையும் மருத்துவன் ஆராய்தல் வேண்டுமென்று கூறிப்போந்தார். அவ்விரண்டினையும் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்ட ஒரு மேனாட்டு மருத்துவரின் சரிதையை நம் கலாசாலை அன்பர்கள் அறிதல் நலமென்று கருதி ஈண்டுச் சுருக்கி வரையத் துணிந்தோம். தமிழ் பயிலும் யாம் மருத்துவஞ் சார்ந்த பொருளைத் தொடுவது மிகையெனத் தோன்றலாம். ஆயினும் இஃது ஒரு மனிதரின் பொறுமையையும் வாய்மையையும் பற்றிய வரலாறாதலின், எல்லார்க்கும் உரியதென்றே எண்ணுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

ஸ்காத்லாந்திலே பெர்த் என்னும் நகரையடுத்து ஸ்கோன் என்றோர் ஊர் உண்டு. பண்டை ஸ்காத்லாந்து மன்னர் முடிசூடிய இடம் அதுவே. அவ்வூரைச் சார்ந்த ஒரு பண்ணையில், உழுதுண்டு வாழ்ந்த குடியொன்றில், 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12-ஆம் நாள் மக்கென்ஸி பிறந்தார். அவருடைய தம்பியருள் ஒருவர் பிற்காலத்தில் வழக்கறிஞராய் உயர்ந்து, ஆம்யூல்ரி பிரபு என்னும் பட்டம் பெற்று, பிரித்தானிய மந்திரிசபையிலும் அமர்ந்தார் என்பது ஈண்டு அறியத்தக்கது.

இளமையில் ஜேம்ஸ் கல்வியிற் சிறந்த மாணாக்கராக மதிக்கப்பட்டாரல்லர். பாடங்களை நெட்டுருச் செய்து ஒப்புவித்தல் அவருக்கு இயலாததொன்றாக இருந்தது. ஆகவே இளமையிலேயே பள்ளியை விடுத்து, பெர்த் நகரில் மருந்துக்கடை ஒன்றில் தொழில் பயில அமர்ந்தார். பிறர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கலந்து கொடுக்கும் வேலையிற் சில ஆண்டுகள் கழிந்தன. நோய் தீர்ப்பவர் யாவர், அவர் எவ்வாறு தீர்க்கின்றனர் என்னும் ஆவல் அங்கேதான் அவருள்ளத்தில் முளைத்திருத்தல் வேண்டும். இருபத்தோராம் வயதில், தம்மினும் இளையோர் பலரோடு ஒருங்கிருந்து எடின்பரோ சர்வகலாசாலையில் மருத்துவம் பயிலத் தொடங்கி, 1878-இல் பட்டம் பெற்றார்.

அங்கும் அவர் முதன்மை பெற்ற மாணவரல்லர். தேர்வில் முன்னிற்போரே வாழ்விலும் முன்னிற்பர் என்னும் எண்ணம் நம் போன்ற மாணவரிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. அது முற்றும் மெய்யன்றென்பதற்கு மக்கென்ஸியின் வாழ்க்கை ஒரு சான்றாகும்.

பர்ன்லி நகரில்

1879-ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்தின் வடபாலுள்ள லங்காஷயரில் பர்ன்லி என்னும் நகருக்குச் சென்று, ஆண்டு மருத்துவத் தொழில் நடத்தியவர்களோடு கூட்டுச் சேர்ந்தார். பர்ன்லி, பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த ஊர். தறியோட்டும் பெண்டிரும், கரி வெட்டும் ஆடவருமே அவரிடம் வந்த நோயாளர். மகப்பேறு பார்த்தல், எலும்பு முறிவு கட்டுதல், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தல் ஆகிய யாவும் ஒருவரே செய்யவேண்டிய நிலை. இரவென்றும் பகலென்றும் பாராது அவர் உழைத்தார்.

அக்காலத்தே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அவர் வாழ்வின் போக்கையே மாற்றியது. இளம்பெண் ஒருத்திக்கு அவர் மகப்பேறு பார்த்துக் கொண்டிருந்தார். அவளுக்கு இருதய நோய் இருந்தது. அஃது உயிருக்கு ஊறு செய்யுமென்று அவர் எதிர்பார்த்திலர். பேற்று நோவினிடையே அவளுடைய இருதயம் திடீரெனத் தளர்ந்தது. அவர் கண்முன்னரே அவள் உயிர் நீத்தாள். தாம் முன்னரே அறிந்திருந்தால் அவளைக் காத்திருக்கக்கூடுமோ என்னும் வினா அவரை வாட்டியது. இருதய நோயுற்ற பெண்டிருள் யார் அச்சமின்றிக் கருவுறலாம், யார் உறலாகாது என்பதை அறிய நூல்களைப் புரட்டினார், விடை காணவில்லை. இருதயத்தில் ஓர் ஓசை கேட்டாலும், நாடி ஒரு முறை தப்பினாலும், அவை ஆபத்தின் அறிகுறிகளென்று நூல்கள் பொதுப்படக் கூறினவேயன்றி, அத்தகைய நோயாளர் பின்னர் என்னவாயினர் என்பதை அவை கூறவில்லை.

ஏனெனில் நூலெழுதிய பேராசிரியர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்தவர்கள். நோயாளி அவர்களிடம் சில வாரங்களே தங்குவான். பிறகு வீடு செல்வான், அன்றேல் இறப்பான். இருபது ஆண்டுகள் அவனைத் தொடர்ந்து காணும் வாய்ப்பு அவர்களுக்கில்லை. ஊர் மருத்துவருக்கோ அவ்வாய்ப்பு உண்டு. தாம் மருந்து கொடுத்த சிறுமி வளர்ந்து, மணந்து, தாயாகி, முதுமை எய்துவதை அவர் காண்கின்றார். பேராசிரியர்க்குக் கிட்டாத இவ்வாய்ப்பே தமக்குரிய ஆராய்ச்சிக் கூடம் என்று மக்கென்ஸி உணர்ந்தார். அன்று முதல், தம்மிடம் வரும் ஒவ்வொருவருடைய நாடியையும் இருதயத்தையும் குறித்து வைக்கலானார்; அந்நோயாளர் இறுதியில் என்ன ஆகின்றனர் என்று காணும்வரை காத்திருக்கவும் துணிந்தார்.

கருவியும் கடிகாரத் தொழிலாளரும்

விரலால் தொட்டறிவது நினைவில் நில்லாது. ஒருவர் உணர்ந்ததைப் பிறருக்குக் காட்டவும் இயலாது. ஆகவே நாடியின் எழுச்சி தாழ்ச்சிகளைப் புகை படிந்த தாளிற் கோடாக வரைந்து காட்டும் சிறு கருவியொன்றை மக்கென்ஸி கையாண்டார். பின்னர், மணிக்கட்டு நாடி ஒன்றையே வரைதல் போதாதென்று கண்டார். இருதயத்திற்கு மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு. மணிக்கட்டிலே நாம் உணர்வது கீழறையின் அடியை மாத்திரமே. மேலறை செய்வதை அறிய வேண்டுமாயின், அதனோடு நேரே தொடர்புடைய கழுத்துச் சிரையின் அசைவை நோக்கவேண்டும். இதனை எண்ணி, கழுத்துச் சிரையின் அசைவையும் மணிக்கட்டின் துடிப்பையும் ஒரே காலத்தில் ஒரே தாளில் வரையும் பாலிகிராப் என்னுங் கருவியை அவர் அமைத்தார்.

புகைத்தாளிற் சில துடிப்புகளே அடங்கும். நெடுநேரம் தொடர்ந்து வரைய, மையினால் எழுதுவதும் நீண்ட தாட்சுருள் ஓடுவதுமாகிய கருவி தேவையாயிற்று. அதனைச் செய்து கொடுத்தவர் புகழ்பெற்ற விஞ்ஞானி எவருமல்லர்; பர்ன்லியை அடுத்த பாடியம் என்னும் ஊரில் கடிகாரத் தொழில் செய்து வந்த செபாஸ்டியன் ஷா என்பவரே. ஊர் மருத்துவர் ஒருவரும் கடிகாரத் தொழிலாளர் ஒருவரும் சேர்ந்து செய்த அக்கருவி, பிற்காலத்தில் பல நாட்டு மருத்துவராலும் கையாளப்பட்டது.

அக்கோடுகளில் தோன்றிய அலைகளுக்கு ஏ, சி, வி என்னும் எழுத்துக்களை அவர் பெயராக இட்டார். மேலறை சுருங்குவதால் எழுவது ஏ என்னும் அலை. அப்பெயர்கள் இன்றளவும் மருத்துவக் கல்லூரிகளில் வழங்குகின்றன.

தீங்கற்றதும் தீங்குள்ளதும்

இவ்வாறு பல்லாண்டுகள் வரைந்து சேர்த்த கோடுகளை ஒப்புநோக்கியபோது, நாடி நெறி தவறுதல் என்னும் ஒரு பெயரால் வழங்கப்பட்டது உண்மையிற் பலவகைப்பட்டது என்று மக்கென்ஸி கண்டார். அவற்றுள் தலையாயவை மூன்று.

முதலாவது, இளையோரிடம் காணப்படுவது. மூச்சை உள்வாங்கும்போது நாடி விரைந்தும், வெளிவிடும்போது மெலிந்தும் நடக்கும். இது நோயே அன்று. இரண்டாவது, உரிய காலத்துக்கு முன்னரே ஒரு துடிப்பு எழுந்து, அதன்பின் நீண்ட இடைவெளி தோன்றுவது. இருதயம் ஒருகணம் நின்றுவிட்டாற்போல நோயாளி திடுக்கிடுவார். ஆனால் வேறு நோயின்றி இஃதொன்றே உடையவர்கள், இருபதாண்டு கழிந்தும் ஆலையிலும் சுரங்கத்திலும் வழக்கம்போல் உழைத்து வந்ததை மக்கென்ஸி கண்டார். ஆகவே அதுவும் பெரும்பாலும் தீங்கற்றது என்று துணிந்தார்.

இத்துணிவின் பயன் சிறிதன்று. அந்நாளில் நாடி தப்பிய இளைஞரை விளையாட விடார், படுக்கையிற் கிடத்துவர், தொழிலை விடுக்கச் செய்வர், மணம் வேண்டாவென்பர். நோயில்லாதவர் பலர், நோயாளி என்னும் பெயராலேயே நோயாளியாயினர். காரணமற்ற அச்சமும் ஒரு கொடிய பிணி என்பதை மக்கென்ஸி உணர்ந்து, அத்தகையோரை எழுந்து நடமாடச் செய்தார்.

மூன்றாவது வகையோ அத்தன்மையதன்று. அதில் எவ்வித ஒழுங்கும் இல்லை. இரண்டு துடிப்புகள் ஒத்த இடைவெளியுடையனவாக வருவது அரிது. வாதக் காய்ச்சலால் இருதய வாயில் சுருங்கிய ஒரு பெண்மணியைப் பல ஆண்டுகளாக அவர் கண்காணித்து வந்தார். அவளுடைய கழுத்துச் சிரையின் கோட்டில் மேலறையின் அலை தெளிவாக இருந்தது. மேலறை சுருங்குங்கால் எழும் ஓசையும் கேட்டது. திடீரென ஒருநாள் அவள் நாடி முற்றும் ஒழுங்கிழந்தது. அன்று நோக்கியபோது ஏ என்னும் அலையும் இல்லை, அவ்வோசையும் இல்லை. மேலறை தன் தொழிலை நிறுத்திவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. முன்பு பதினைந்து இருபது ஆண்டுகள் அவளை நோக்கியிராதவர்க்கு இவ்வேறுபாடு புலப்பட்டிராது.

மேலறை ஏன் தொழில் நிறுத்திற்று என்பதில் மட்டும் மக்கென்ஸி வழி தவறினார். அது வாதத்தால் செயலற்றது என்று முதலிற் கருதினார். அத்தகைய நோயாளர் இறந்தபின் இருதயத்தை அறுத்து நோக்கியபோது மேலறைத் தசை மெலியாது தடித்திருத்தலைக் கண்டு, முன் கருத்தைக் கைவிட்டு வேறொரு கருத்தைக் கொண்டார். அதுவும் சரியன்றென்று பின்னர்த் தெரிந்தது. 1909-ஆம் ஆண்டில் தாமஸ் லூயிஸ் என்னும் இளம் மருத்துவர், அப்பொழுது புதிதாய் வந்திருந்த மின்வரைபடக் கருவியின் துணையால் உண்மையை நிலைநாட்டினார். வியன்னா நகரத்து ஆராய்ச்சியாளர் இருவரும் அதே ஆண்டில் அம்முடிபையே கண்டனர். மேலறைகள் செயலற்றுக் கிடக்கவில்லை. நிமிடத்திற்கு முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தடவை நெறியின்றி நடுங்கிக் கொண்டிருக்கின்றன. அந்நடுக்கத்தின் தாறுமாறான தூண்டலால் கீழறைகளும் ஒழுங்கின்றி அடிக்கின்றன. இதனையே இக்காலத்தார் ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்பர். மேலறை நடுக்கம் என்று தமிழிற் கூறலாம். லூயிஸை இவ்வாராய்ச்சியில் ஊக்கியவர் மக்கென்ஸியே. தம் கருத்தைத் தம்மினும் இளையவர் ஒருவர் திருத்தியதை அவர் ஏற்றுக்கொண்டது அவர்தம் பெருந்தன்மைக்கு அடையாளமாகும்.

டிஜிடாலிஸ் என்னும் செடியின் இலை இருதய நோய்க்கு நன்மருந்தென்று 1785-இல் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர் நூலெழுதியிருந்தார். ஆனால் அது சிலருக்கு வியத்தகு நலந் தருவதும், சிலருக்குப் பயன்படாமற் போவதும் ஏன் என்பது விளங்காதிருந்தது. மேலறை நடுக்கமுற்று, கீழறைகள் மிக விரைந்து அடித்துத் தளரும் நோயாளர்க்கே அம்மருந்து மிகவும் பயன்படுகின்றது என்று மக்கென்ஸி காட்டினார்.

இலண்டன் வாழ்க்கை

1902-இல் நாடியைப் பற்றிய ஆராய்ச்சி என்னும் அவரது முதற்பெருநூல் வெளியாயிற்று. வெளிநாட்டு அறிஞர் அதனைப் போற்றினர். ஹாலந்து தேசத்து வெங்கபாக் என்பார் அவருக்கு நண்பராயினர். இறந்த நோயாளரின் இருதயங்களை மக்கென்ஸி இலண்டன் நகரிலிருந்த உடற்கூற்றறிஞர் ஆர்தர் கீத் என்பவருக்கு அனுப்பி, நுணுகி நோக்கச் செய்தார். இருதயங்களை இவ்வாறு ஆராய்ந்து வந்த கீத், மார்ட்டின் பிளாக் என்னும் மாணவரோடு சேர்ந்து, இருதயத் துடிப்புப் பிறக்கும் முடிச்சைக் கண்டு 1907-இல் வெளியிட்டார்.

அவ்வாண்டிலேயே, தமது ஐம்பத்து நான்காம் வயதில், மக்கென்ஸி பர்ன்லியை விட்டு இலண்டன் சேர்ந்தார். இருபத்தெட்டு ஆண்டுகளில் தேடிய தொழிலை விடுத்து, ஒருவரும் அறியாத பெருநகரில் அந்த வயதிற் புதிதாய்த் தொடங்குவது எளிதன்று. முதலில் அவரை நாடி வந்தவர் மிகச் சிலரே. 1908-இல் இருதய நோய்களைப் பற்றிய அவரது நூல் வந்தபின் நிலைமை மாறிற்று. இலண்டன் ஆஸ்பத்திரியில் இருதயப் பிரிவு அவர் பொறுப்பில் அமைந்தது. 1915-இல் ராயல் சங்கத்தின் அங்கத்தினராகவும், ஸர் பட்டம் பெற்றவராகவும் ஆனார். முதல் உலகப் போரில், இருதய நோயென்று கூறிப் படையினின்று நீக்கப்பட்ட போர்வீரர் பலர் உண்மையில் இருதய நோயில்லாதவர் என்பதை எடுத்துக்காட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

பொருளும் புகழும் பெருகி நின்ற வேளையில், 1918-இல், அவர் இலண்டனை விட்டு ஸ்காத்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகருக்குச் சென்றார். நோய் முற்றியபின் அதனை ஆஸ்பத்திரியில் ஆராய்வதினும், அது தொடங்கும்போதே ஊர் மருத்துவர்கள் கூடிக் கண்டறிய வேண்டுமென்பது அவர் நோக்கம். அதற்கென 1919-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். அந்நிலையம் அவர் எண்ணிய அளவு பயன் தரவில்லை. கருவி செய்து புகழ் பெற்றவரே, முதுமையில் கருவிகளை மிகையாக நம்பலாகாதென்று எச்சரித்ததால், லூயிஸ் முதலிய இளையோர்க்கும் அவருக்கும் கருத்து வேற்றுமையும் உண்டாயிற்று. ஆயினும் 1921-இல், இருதய நோயும் கருப்பமும் என்னும் பொருள் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். பர்ன்லியில் அவ்விளம்பெண் இறந்த நாளிற் பிறந்த வினாவுக்கு, ஏறக்குறைய நாற்பதாண்டு காத்திருந்து அவர் அளித்த விடை அதுவாகும்.

தம் இருதயத்தையே நூலாக்கியவர்

பிறர் இருதயங்களை ஆராய்ந்த மக்கென்ஸிக்கும் இருதய நோய் வந்தது. ஒருமுறை தம் நாடி முற்றும் ஒழுங்கிழந்து சிறிது நேரத்திற் பழைய நிலைக்குத் திரும்பியதைத் தாமே கண்டு குறித்தார். பின்னர் மார்பு நோய் தொடங்கியது. அஃது இருதயத்திற்குக் குருதி கொண்டு செல்லும் குழாய்கள் அடைபடுவதால் வருவது என்றும், தமக்கு முடிவு எவ்வாறு வரும் என்றும் அவர் நன்கறிவார். அறிந்தும் உழைப்பை நிறுத்தவில்லை. 1923-இல் மார்பு நோயைப் பற்றி அவர் எழுதிய நூலில், பெயர் குறியாத நோயாளர் பலரின் வரலாறுகளுள் ஒன்றாகத் தம் நோயின் வரலாற்றையும் சேர்த்து வைத்தார்.

1925-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26-ஆம் நாள் இலண்டனில் அவர் காலஞ்சென்றார். அவர் விருப்பப்படியே அவருடைய இருதயம் எடுத்து ஆராயப்பட்டது. குருதிக் குழாய்கள் பெரிதும் பழுதுற்றிருந்தன. பழைய வடுக்கள் தசையிற் காணப்பட்டன. அவ்விருதயம் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலைக்கு அனுப்பப்பட்டு, அங்கே பாதுகாக்கப்பட்டது. ஒரு நோயாளியை முடிவுவரை நோக்கினாலன்றி முடிபு கூறலாகாது என்னும் தம் கொள்கைக்குத் தம்மையே அவர் உட்படுத்தினார் என்க.

அவருக்குப் பின்

பெரியோர் வரலாறு எழுதுவோர் அவர்தம் குறையை மறைத்தல் வழக்கம். மக்கென்ஸி அதனை விரும்பியிரார். இருதயத்தின் வாயில்களைக் காட்டிலும் தசையின் வலிமையே முதன்மையானது என்பது அவர் கொள்கை. ஓசை கேட்டவுடன் அஞ்சிய பலரை அக்கொள்கை காத்தது. ஆனால் அதுவே பின்பு ஒரு தடையுமாயிற்று. அவர் மறைந்து நான்கு திங்கள் நிறைவதற்குள், 1925 மே மாதம் 6-ஆம் நாள், அவர் பணியாற்றிய அதே இலண்டன் ஆஸ்பத்திரியில், ஹென்றி சௌட்டர் என்னும் சத்திர சிகிச்சை நிபுணர், வாயில் சுருங்கிய ஓர் இளம்பெண்ணின் இருதயத்துள் தம் விரலைச் செலுத்தி அடைப்பை நீக்கினார். அப்பெண் பிழைத்தாள். எனினும் நோய் வாயிலில் இல்லை, தசையிலேயே உள்ளது என்று கருதிய மருத்துவர்கள் மற்றொரு நோயாளியை அவரிடம் அனுப்பவில்லை. 1948-இல்தான் அச்சிகிச்சை மீண்டும் தலையெடுத்தது. நல்லறிஞர் ஒருவரின் கொள்கையும், மறுபடி ஆராயாது கைக்கொள்ளப்படுமாயின், உயிர்களுக்கு இடையூறாகலாம் என்பது இதனாற் பெறப்படும்.

இன்று இருதய சத்திர சிகிச்சை எங்கும் நடைபெறுகின்றது. வியப்பென்னவெனில், சிகிச்சை செவ்வனே முடிந்து நோயாளி தேறிவரும் இரண்டாம், மூன்றாம் நாளில், மக்கென்ஸி கண்ட அதே மேலறை நடுக்கம் நூற்றுக்கு இருபது முதல் நாற்பது பேருக்குத் தோன்றுகின்றது. பெரும்பாலோர்க்கு அது தானே தணியும்; சிலர்க்கோ நடுங்கும் மேலறையிற் குருதி தேங்கி உறைந்து, மூளையைச் சென்று தாக்கவுங் கூடும். இதனை முன்னரே தடுக்க வழியுண்டோ என்று ஆராய்ந்தோர், உணவிலுள்ள கொழுப்பமிலங்களை நோக்கினர். மீனெண்ணெயிலுள்ள ஒமேகா-3 என்னும் கொழுப்பமிலங்கள் இருதயத் தசையணுக்களின் மேற்றோலிற் கலந்து அவற்றின் படபடப்பைத் தணிக்கும் என்று விலங்குகளிடத்துச் செய்த சோதனைகள் காட்டியிருந்தன. 2005-இல் இத்தாலியிலிருந்து வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், சத்திர சிகிச்சைக்குச் சில நாள் முன்தொட்டே அதனை உட்கொண்டோருள் நூற்றுக்குப் பதினைந்து பேரும், உட்கொள்ளாதாருள் நூற்றுக்கு முப்பத்து மூவரும் நடுக்கமுற்றனர் எனக் காணப்பட்டது. நம்பிக்கை எங்கும் பரவியது. ஆனால் அவ்வாராய்ச்சிக்கு உட்பட்டோர் 160 பேரே.

ஆகவே அமெரிக்கா, இத்தாலி, அர்ஜெண்டினா ஆகிய மூன்று நாடுகளில் 28 ஆஸ்பத்திரிகளில் 1516 நோயாளரைக் கொண்டு பெரியதோர் ஆராய்ச்சி நடத்தி, 2012-இல் முடிபை வெளியிட்டனர். மீனெண்ணெய் உண்டோருள் நூற்றுக்கு 30; வேறு எண்ணெய் உண்டோருள் நூற்றுக்கு 30.7. வேறுபாடு இல்லையென்றே கொள்ளவேண்டும். அதன்பின் வந்த சில ஆராய்ச்சிகளிலோ, ஒமேகா-3 மருந்தைப் பேரளவில் நெடுங்காலம் உண்டோரிடை இந்நடுக்கம் சற்று மிகுந்தே காணப்பட்டது. மீனை உணவாக உண்ணுதல் வேறு. அதன் சாரத்தை மருந்தாக மிகுதியும் உண்ணுதல் வேறு. சிகிச்சைக்குப்பின் வரும் நடுக்கத்தைத் தடுக்க மீனெண்ணெய் உதவாதென்று உணர ஏழாண்டுகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரின் ஒத்துழைப்பும் வேண்டியிருந்தன. முதலில் எழுந்த இனிய நம்பிக்கையை மெய்யென்று கொண்டு நின்றுவிடாமல், மேலும் பொறுத்து நோக்கிய அவ்வாராய்ச்சியாளர், அறிந்தோ அறியாமலோ மக்கென்ஸியின் மாணாக்கரே ஆவர்.

முடிவுரை

மக்கென்ஸி மறைந்த மறு ஆண்டில் அவருடைய வரலாற்றை எழுதிய நண்பர், பவுலடியார் தம் தோழராகிய லூக்காவுக்கு அன்போடு வழங்கிய பெயரையே அந்நூலுக்குப் பெயராக இட்டார். அது பொருத்தமானதே. லூக்கா தாம் எழுதிய சுவிசேஷத்தின் தொடக்கத்தில், எல்லாவற்றையும் ஆதிமுதல் திட்டமாய் விசாரித்தறிந்தே எழுதத் துணிந்ததாகக் குறிப்பிடுகின்றார். விசாரித்தறிதலும் அன்பு செய்தலும் ஒன்றற்கொன்று பகையன்று. இறந்த ஒரு தாயின்பால் எழுந்த இரக்கமே மக்கென்ஸியை ஆராய்ச்சியாளராக்கியது. அவ்வாராய்ச்சியே எண்ணற்ற தாயரையும் இளைஞரையும் வீணச்சத்தினின்று விடுவித்தது.

நம்மிற் பலர் கலாசாலையை விட்டபின் சிற்றூர்ப் பள்ளிகளிலும், சிறு ஆஸ்பத்திரிகளிலும், சிறு சபைகளிலும் பணியாற்றப் போகின்றோம். பெரிய நகரும் பெரிய பதவியும் கிட்டாவிடின் பெரிய பணி செய்ய இயலாதென்று சோர்வுறுதல் எளிது. ஆலைநகர் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள், தம் முன் வந்த எளியோரையே நூலாகக் கற்று, தவறியபோது தவறென்று ஒப்பி, முடிவு காணுமளவும் காத்திருந்த இம்மருத்துவரின் வரலாறு அச்சோர்வுக்கு மருந்தாகும். நாம் செல்லும் இடம் சிறியதாயினும், அங்குள்ளாரை நெடுநாள் அன்போடு நோக்கும் கண் நமக்கு அருளப்படுமாறு ஆண்டவரை வேண்டி இக்கட்டுரையை முடிக்கின்றோம்.